படுத்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா?

முதியோர் இல்லம் தேடிப் போகிறவர்கள் அறையைப் பார்க்கிறார்கள், கழிப்பறையைப் பார்க்கிறார்கள், சாப்பாடு சைவமா என்று விசாரிக்கிறார்கள், அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தலைப்பில் இருக்கும் கேள்வியை மட்டும் வாய்விட்டுக் கேட்க மனம் வருவதில்லை. நடமாடிக்கொண்டிருக்கும் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது? ஆனால் தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முன்னால் இருக்கும் வழிகளைத் தரம் பிரித்துக் காட்டுவது அந்தக் கேள்விதான். பல இல்லங்களின் விண்ணப்பத்தில், ‘தம் காரியங்களைத் தாமே கவனித்துக்கொள்பவராக இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். சேரும் நாளில் யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதுதான் அந்த வரியைக் காட்டி, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

எங்கள் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நாங்கள் எடைபோட்டுப் பார்த்தவை நான்கு: வீட்டிலேயே ஏஜென்சி மூலம் ஆள் வைப்பது, கோவைப் பக்கத்து ஓய்வுக்காலக் குடியிருப்பு, சென்னைப் புறநகரில் தனி வீட்டை மாற்றியமைத்து நடத்தும் சிறிய பராமரிப்பு இல்லம், கட்டணம் வாங்காத தொண்டு இல்லம்.

வீடும் ஏஜென்சி ஆளும்

ஊர் வாய்க்கு அஞ்சுகிறவர்களும் பெற்றவர்களை வெளியே அனுப்ப மனம் ஒப்பாதவர்களும் முதலில் வந்து நிற்கும் இடம் இது. பழகிய கட்டில், பழகிய ரசம், ஜன்னல் வழியே தெரியும் தெரு எதுவும் மாறாது. படுத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. யாரும் வெளியேறச் சொல்லப் போவதில்லை.

சிக்கல் இரவில் இருக்கிறது. 24 மணி நேர ஆள் என்று ஏஜென்சி அனுப்புவது 24 மணி நேரமும் விழித்திருக்கும் ஆளை அல்ல. பகலெல்லாம் துடைத்து, ஊட்டி, டயப்பர் மாற்றிய பெண் இரவில் தூங்கத்தான் செய்வார், தூங்கவும் வேண்டும். அசையாமல் கிடப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது படுக்கைப் புண்ணைத் தடுப்பதற்கான பழைய, எளிய விதி. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அதைச் செய்வது யார்? பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு ஒருவராக இருவரை வைத்தால் செலவு இரட்டிப்பாகும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பாவிட்டால் ஏஜென்சி புது ஆளை அனுப்பும். அவருக்கு மருந்து நேரத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லித்தர வேண்டும். வருகிறவர் பெரும்பாலும் நர்ஸ் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். உணவு செலுத்தும் மூக்குக் குழாய் கழன்றுவிட்டால் அதை மாட்ட அவருக்குத் தெரியாது, அவர் மாட்டவும் கூடாது.

இந்த வழியில் நம் ஆட்கள் ஏனோ பயன்படுத்திக்கொள்ளாத ஓர் உதவி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவமும் படுக்கையில் கிடப்பவர்களுக்கான வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. அது ஏழைகளுக்கு என்று நினைத்துப் பலர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர்கூடக் கொடுப்பதில்லை.

கோவைக் குடியிருப்பு

வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் போனால் மலைக்காற்று, தோட்டம், பொதுச் சமையற்கூடம், மாலையில் பஜனை, கேரம் போர்டு எல்லாம் உண்டு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும், இருவரும் நல்ல நிலையில் உள்ள தம்பதிக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்வேன். சமையலும் மின்சாரக் கட்டண வரிசையும் குழாய் ரிப்பேரும் தலையைவிட்டு இறங்கிவிடும்; பேச்சுத் துணைக்கு நாற்பது பேர் இருப்பார்கள்.

ஆனால் இது குடியிருப்பு, பராமரிப்பு இல்லம் அல்ல. சில இடங்களில் நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்; சில இடங்களில் ‘விரைவில் வரும்’ என்கிறார்கள். கட்டி முடித்து, கட்டில் போட்டு, அதில் ஆள் படுத்திருந்தால் மட்டுமே அதைக் கணக்கில் எடுங்கள். விலை கொடுத்து வாங்கும் வீடாக இருந்தால் இன்னும் இரண்டு விஷயங்கள். பூட்டிக் கிடந்தாலும் மாதப் பராமரிப்புக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். வீடு வாரிசுக்கு வந்து சேரும். ஆனால் குடியிருப்பில் வயது வரம்பு இருந்தால் வாரிசு அங்கே குடிபோக முடியாமல், விற்கவும் ஆள் தேடி அலைவார்.

புறநகர்ச் சிறு இல்லம்

சேலையூர், மேடவாக்கம், போரூர் பக்கத்துத் தெருக்களில் பெயர்ப் பலகைகூடச் சரியாகத் தெரியாமல் பல இல்லங்கள் நடக்கின்றன. கீழே ஆறேழு கட்டில், மாடியில் ஆறேழு. வெளித்தோற்றத்தில் கோவையோடு போட்டிபோடவே முடியாது. ஆனால், ‘படுத்தவர்களைத்தான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்’ என்று முதல் பேச்சிலேயே சொல்வது இவர்கள்தான்.

இவற்றுக்குள்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஓர் இல்லத்தில் மதிய உணவு நேரம். ஆயா கட்டிலின் தலைமாட்டைச் சுழற்றி உயர்த்தினார். மூக்குக் குழாயில் சிரிஞ்சை வைத்து முதலில் பின்னோக்கி இழுத்து, காலையில் கொடுத்தது செரித்துவிட்டதா என்று பார்த்தார். பிறகு கஞ்சியை ஊற்றிச் சிரிஞ்சை உயரப் பிடித்துக்கொண்டு, அது தானாக இறங்கும்வரை, “தாத்தா, இன்னும் கொஞ்சம்தான்” என்று பேசிக்கொண்டே நின்றார். கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி மூடினார். தலைமாட்டை உடனே இறக்கவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும் என்றார். இன்னோர் இல்லத்தில் கிரானைட் தரை, ஏ.சி., சுவரில் பெரிய தொலைக்காட்சி. அங்கே மல்லாக்கப் படுத்திருந்தவருக்குக் கஞ்சியைச் சிரிஞ்சால் அழுத்தி ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். அப்படி ஏற்றிய கஞ்சி எதிர்த்து வந்து நுரையீரலில் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தரை எதுவாக இருந்தால் என்ன?

அதனால் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். போனால் குதிகாலைப் பாருங்கள்; அனுமதித்தால் முதுகின் அடிப்பகுதியையும். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும்; அழுத்தியும் சிவப்பு மாறவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் இது எளிதில் தெரியாது. சூடு, வீக்கம், கெட்டிப்பு ஆகியவற்றைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். காற்று மெத்தை போட்டிருப்பதைப் பெருமையாகக் காட்டுவார்கள். மோட்டார் ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஓடினாலும் அது புரட்டிப் படுக்கவைப்பதற்கு மாற்று ஆகாது.

இரவில் எத்தனை பேர், அவர்களில் படித்த நர்ஸ் யார் என்று கேளுங்கள். வெள்ளைச் சட்டை போட்டவரெல்லாம் நர்ஸ் அல்ல. இரண்டாண்டு ஏ.என்.எம். (துணை நர்ஸ்) படித்தவரா, மூன்றாண்டு ஜி.என்.எம். (பொது நர்ஸ்) படித்தவரா, ஆறு மாதப் பயிற்சி பெற்ற உதவியாளரா என்பதைத் தயங்காமல் கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றையும் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் உரிமையாளரிடமிருந்து நடையைக் கட்டுவது நல்லது.

மறதி நோய் (டிமென்ஷியா) என்றால் கணக்கே வேறு. உடம்பு நன்றாக இருக்கும், கால் நிற்காது. சாயங்காலமானால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கதவைத் தட்டுவார்கள். குடியிருப்பில் வழிதவறிப் போவார்கள். படுத்தவர்களுக்கான இல்லத்தில் அவர்களைக் கட்டிலோடு கட்டிவைப்பார்கள், அல்லது மாத்திரையால் தூங்கவைப்பார்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் மரண ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. ஆகவே, ‘இரவில் தூங்காவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, முதல் பதில் மாத்திரையாக இருந்தால் கவனம். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் மறதி நோய்க்கென்றே தனிச் சேவை நடத்துகிறது. முடிவெடுக்கும் முன் அங்கேயோ, 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையிலோ ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

தொண்டு இல்லம்

நம் கேள்விக்குத் தயங்காமல் ‘வைத்துக்கொள்வோம்’ என்று சொல்கிறவர்களில் பணம் வாங்காதவர்களும் உண்டு. சென்னை ஹாரிங்டன் சாலையில் இல்லம் நடத்தும் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபையின் தொடக்கமே அதுதான். 1839-இல் பிரான்சில் ழான் ஜுகான் என்ற பெண், பார்வையிழந்து முடங்கிய மூதாட்டி ஒருவரைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலையே கொடுத்தார். ஆனால் அந்த இல்லங்கள் வறியவர்களுக்கு. ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ளவர்கள் அங்கே இடம் கேட்பது, சாப்பாடு இல்லாதவன் இலையில் கைவைப்பதுதான். மாவட்டத்துக்கு ஒன்றாக, 150 பேர் தங்கும்படி முதியோர் இல்லம் அமைக்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழிசெய்வதும் ஆதரவற்றவர்களுக்காகத்தான்.

பணம்

மாதக் கட்டணத்தை வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம். டயப்பர், பஞ்சு, கையுறை, இயன்முறை மருத்துவர், டாக்டர் வருகை என்று தனித்தனியாக ஏறும். போன மாதம் ஒரு படுக்கை நோயாளிக்குப் போட்ட பில்லைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதுதான் உண்மையான கட்டணம். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் துணைக்கு யார் இருப்பார்கள், அந்த நாட்களுக்கும் அறைக் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

காப்பீட்டை நம்ப வேண்டாம். குளிப்பாட்டுவது, உடுத்துவது, நடக்கவைப்பது போன்ற அன்றாடப் பராமரிப்புக்காகவே தங்கும் செலவு, மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளின் பொது விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. 70 வயது நிறைந்தவர்களுக்கென்று 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் ஐந்து லட்ச ரூபாயும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான்.

எதை எடுப்பது

இருவரும் நடமாடுகிறார்கள் என்றால் கோவை. படுத்துவிட்டார், வீட்டில் மேற்பார்வைக்கு ஒரு பொறுப்பான ஆள் இருக்கிறார், இரண்டு ஷிப்டுக்குப் பணமும் இருக்கிறது என்றால் வீடு. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் புறநகர் இல்லம்தான். அதிலும், வசதியான தொலைவு இல்லத்துக்கும் சாதாரணமான பக்கத்து இல்லத்துக்கும் போட்டி வந்தால், குழாயில் கஞ்சி ஏற்றத் தெரிந்திருக்கும் பட்சத்தில், பக்கத்து இல்லத்தையே எடுப்பேன். அரசு ஆய்வாளர் எப்போதோ வருவார். சொல்லாமல் கொள்ளாமல் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு வந்து நிற்கும் மகளுக்குத்தான் இல்லம் பயப்படும். யாரும் எட்டிப் பார்க்காத கட்டில் கடைசியில்தான் கவனிக்கப்படுகிறது. கசப்பாக இருந்தாலும் எல்லா இல்லத்திலும் இதுதான் நடைமுறை. பெரியப்பா விஷயத்தில் அண்ணன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்வரும் தூரம்தான் கடைசியில் முடிவு செய்தது.

முழு அட்வான்ஸைக் கட்டும் முன் ஒரு மாதத் தங்கலுக்குச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். பல இல்லங்கள் சம்மதிக்கும். முறைகேடோ கொடுமையோ நடந்தால் முதியோர் உதவி எண் 14567. சேர்க்கும் நாளன்று குதிகால், இடுப்பு, முதுகு மூன்றையும் இல்லத்து நர்ஸோடு சேர்ந்து பார்த்து, புண் இருக்கிறதா இல்லையா என்பதைத் தேதியோடு பதிவேட்டில் எழுதவைத்து, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.