காட்டுவள்ளியா, காந்தளா: கிழங்கு தோண்டும் முன் பார்க்க வேண்டியவை

காட்டுவள்ளியும் செங்காந்தளும் ஒரே புதரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படரக்கூடியவை. இரண்டும் கொடி, இரண்டுக்கும் கிழங்கு உண்டு. வறண்ட மாதங்களில் இரண்டுமே மேலே காய்ந்து, கிழங்கை மட்டும் மண்ணில் விட்டுவைக்கும். காட்டுவள்ளிக் கிழங்கு உணவு. காந்தள் கிழங்கில் இருப்பது கோல்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு.

பச்சை இலை இருக்கும்போது குழப்பம் குறைவு. காந்தள் இலைக்குக் காம்பு கிடையாது. நீண்டு ஒடுங்கி, நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளால்தான் கொடி ஏறுகிறது, தண்டு எதையும் சுற்றாது. நரம்புகள் மூங்கில் இலையில் இருப்பதுபோல் இணையாக ஓடும். அடிப்பக்கத்து இலைகளில் சுருள் இல்லாமலும் போகலாம், அதனால் மேல் இலைகளைப் பாருங்கள். வள்ளியில் தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். இலைக்கு நீண்ட காம்பு, பல வகைகளில் இதய வடிவம். காம்பு சேரும் இடத்திலிருந்து பல நரம்புகள் வளைந்து நுனிக்குப் போகும், நடுவே வலைப்பின்னல்.

கிழங்கை மட்டும் வைத்து முடிவுசெய்வதுதான் ஆபத்து. முழுக் காந்தள் கிழங்கு விரல்போல நீண்டு, இரண்டு கைகளாகக் கலப்பை வடிவில் வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால் வந்தது. முளை கைகளின் நுனியில் இருக்கும். வள்ளியில் முளை தண்டு ஒட்டியிருந்த தலைப்பக்கம் வரும், தோல்மேல் சல்லிவேர்கள் பரவியிருக்கும். ஆனால் தோண்டும்போது கலப்பை முறிந்து ஒரு கை மட்டும் கிடைத்தால், அதைச் சிறு வள்ளி என்று யாரும் நினைத்துவிடுவார்கள். ஆகவே கொடியைக் கையால் பிடித்து, அதே தண்டு எந்தக் கிழங்கில் போய்ச் சேர்கிறது என்று மண்ணை விலக்கிப் பார்த்த பிறகே வெட்டுங்கள். கொடி காய்ந்து அறுந்துவிட்டதா? அந்தக் கிழங்கை விட்டுவிடுங்கள்.

வேகவைத்தாலும் கோல்ச்சிசின் அழியாது. சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு. அடுத்த நாட்களில் சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்குக்கூட ஓரிரு வாரங்களில் முடி கொட்டும். சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்திக்குக் காத்திராமல் மீதிக் கிழங்கோடு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வள்ளி இனத்துக்குள்ளேயே இன்னொரு பொறி இருக்கிறது. ஐந்து சிற்றிலை உள்ள வகை உண்ணத்தக்கது. அதைப் போலவே முள் தண்டோடு, எப்போதும் மூன்றே சிற்றிலையோடு வளரும் வகையில் டயோஸ்கோரின் என்ற நஞ்சு இருக்கிறது. அது வலிப்பை உண்டாக்கும். ஐந்திலை வகையிலும் சில இலைகளில் மூன்று மட்டுமே இருக்கும் என்பதால், ஒரே இலையை எண்ணி முடிவுகட்டாமல் கொடி முழுவதையும் பாருங்கள். டயோஸ்கோரின் நீரில் கரையும் என்பதால், மூவிலைக் கிழங்கை மெல்லியதாகச் சீவி ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து உண்பவர்கள் உண்டு. பழக்கமில்லாதவர்கள் முயல வேண்டாம். அதே முறையில் காந்தளையும் சுத்தப்படுத்தலாம் என்று நினைப்பது உயிரோடு விளையாடுவது.

பழங்களில் மணத்தக்காளியும் பெல்லடோனா என்ற நச்சுச் செடியும் குழப்பும். பெல்லடோனா ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா பகுதிகளுக்கு உரியது. மணத்தக்காளிப் பழங்கள் ஒரே காம்பில் கொத்தாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாகத் தொங்கும். பூ சிறியது, வெள்ளை, நடுவே மஞ்சள். பெல்லடோனாப் பழம் பெரியது, பளபளப்பானது, தனித்தனியாக நிற்கும்; அடியில் ஐந்து புல்லிகள் நட்சத்திரமாக விரிந்திருக்கும்; பூ மங்கிய ஊதா மணி. பறவை தின்கிறதே என்று நம்பக்கூடாது, பெல்லடோனாப் பழத்தைப் பறவைகள் தின்று பரப்புகின்றன. மணத்தக்காளியிலும் பச்சைக் காயில் சோலனின் என்ற நஞ்சு இருக்கும். கறுத்துப் பழுத்ததை மட்டும் பறியுங்கள்.