‘62 ஸ்பெக்’ பேஸ் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? நெக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

பழைய பாணி பேஸ் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ‘1962 பிரிசிஷன் பாணி, அகலமான நெக், நைட்ரோ லாக்கர், அறுபதுகளின் அசல் எலக்ட்ரானிக்ஸ்’ என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு கடையில் வாங்கினேன். அந்த நான்கில் முதலாவது மட்டும்தான், அதுவும் தோற்றத்தளவில், உண்மை. (பிரிசிஷன் என்பது ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் மாடல், நெக் என்பது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி, நைட்ரோ என்பது பழைய கிட்டார்களில் பூசிய மெல்லிய லாக்கர்.)

நெக்கின் தலைப்பக்கம் ஸ்டிரிங்குகளைத் தாங்கும் பட்டையான நட்டின் அகலத்தை அளந்தேன். அந்தக் காலத்து பிரிசிஷன் நெக்கில் 1¾ அங்குலம் என்பதுதான் பேர்போன அளவு, 44 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வந்ததில் 41தான். விரல்களுக்கு இந்த 3 மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம், அகலத்துக்காகவே தேடுகிறவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து உடலின் மேலிருக்கும் தகடான பிக்கார்டைக் கழற்றினேன். வால்யூம் பாட்டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகில் 1379821 என்று அச்சு. 137 என்பது சிடிஎஸ் நிறுவனத்தின் குறியீடு, 98 ஆண்டு, 21 வாரம். 1998இல் செய்த பாட்டை அறுபதுகளின் அசல் என்று விற்றிருக்கிறார்கள். பெயின்ட்டும் அப்படித்தான். ஸ்க்ரூ துளையின் ஓரத்தில் பிளாஸ்டிக் போலத் தடிமனான பாலியெஸ்டர் பூச்சு. தேய்மானம் காட்டக் கை படும் இடத்தில் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள், கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நெக் விஷயத்தை மன்னிக்கவே முடியாது. அவர்கள் அனுப்பிய வீடியோவில் ஆக்‌ஷன் (ஃப்ரெட் எனும் குறுக்குக் கம்பிகளிலிருந்து ஸ்டிரிங்கின் உயரம்) தாழ்வாக, ஒரு ஃப்ரெட் கூட இரையாமல் அருமையாக இருந்தது. வந்ததும் வழக்கமான தடிமனுள்ள 45–105 ஸ்டிரிங் செட் போட்டேன். நெக் முன்பக்கம் வளைந்து, 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் அழுத்தவே சிரமமாகிவிட்டது. இந்தப் பாணியில், நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடின் திருகு நட் நெக்கின் அடிப்பக்கம் உடலுக்குள் மறைந்திருக்கும், கழற்றினால்தான் தெரியும். கழற்றினேன். நட் முழுக்க இறுகி, திருப்பு வெட்டு தேய்ந்து, இனி ஒரு கால் சுற்றுகூடப் போகாத நிலை. இழுவை குறைந்த மெல்லிய ஸ்டிரிங்கைப் போட்டு நெக்கை நேராகக் காட்டிப் படம் பிடித்திருக்கிறார்கள். இதைத் தெரியாமல் செய்ததாக நான் நம்பவில்லை.

கேட்டதற்கு, “பழைய பாணின்னுதான் சார் போட்டிருந்தோம், பழசுன்னு போடலையே” என்றார்கள். அசல் எலக்ட்ரானிக்ஸ் என்று எழுதியிருந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியபின் பதிலே இல்லை. விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது இதற்காகத்தான்.

ஸ்டிரிங்கின் அதிர்வைப் பிடித்து மின் சிக்னலாக மாற்றும் பிக்அப் மட்டும் நல்ல பிக்அப், அதையும் சொல்லிவிடுகிறேன். 1957இல் வந்த இரண்டாகப் பிரிந்த அமைப்பு, இரைச்சல் இல்லாமல் கனமாகப் பேசுகிறது. ஒலியைக் கேட்டு மயங்க வைப்பதும் அதுதான்.

நேரில் பார்த்தால் E ஸ்டிரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும், அதைவிட அதிகமென்றால் சந்தேகப்படுங்கள். எந்த கேஜ் (தடிமன்) ஸ்டிரிங் போட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். தூரத்திலிருந்து வாங்குகிறீர்கள் என்றால் நெக்கின் அடிப்பகுதி, பாட்டின் முதுகு இரண்டுக்கும் படம் கேளுங்கள், ட்ரஸ் ராட் நட்டைக் கால் சுற்று இறுக்கித் தளர்த்தும் வீடியோவும் கேளுங்கள். கழற்றினால் செட்டப் கெட்டுவிடும் என்று சாக்குச் சொன்னால் அந்த பேஸ் வேண்டாம்.