துணித் தொட்டியில் என் முதல் தக்காளி

மாடியில் தக்காளி வளர்க்க 20 லிட்டர் துணித் தொட்டி ஒன்று வாங்கினேன். பக்கத்திலேயே பிளாஸ்டிக் தொட்டியில் இன்னொரு செடி. காய்ப்பு ஓய்ந்து இரண்டையும் பிடுங்கியபோதுதான் வித்தியாசம் புரிந்தது. பிளாஸ்டிக்கில் வேர்கள் சுவரை ஒட்டிக் கயிறு போலச் சுற்றிக் கிடந்தன. துணியிலோ, ஓரத்தைத் தொட்ட வேர்நுனிகள் காற்றுப்பட்டுக் காய்ந்து நின்றுவிட, உள்ளே மெல்லிய கிளைவேர்கள் தலைமுடி போல அடர்ந்திருந்தன. அதைக் கையில் ஏந்தியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈரம்தான் சீக்கிரம் வற்றிவிடுகிறது. கடும் வெயிலில் காலை, மாலை இருவேளையும் நீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஒருநாள் தவறியதில் இலைகள் துவண்டுவிட்டன, மனம் பதறிவிட்டது. ஈரமண்ணோடு தூக்கியபோது ஒரு கைப்பிடியின் தையலும் பிரிந்தது. கைப்பிடியை இரட்டைத் தையலாகத் தைத்திருக்க வேண்டும். மிளகாய்க்கு இன்னும் இரண்டு வாங்கியிருக்கிறேன்.