ஊரில் சிம், துபாய்க்கு போன்: கொஞ்சம் கணக்கு

இந்த முறை துபாயிலிருந்து திருநெல்வேலி போனபோது வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன கடையில் பிரீபெய்டு சிம் எடுத்தேன். ஆதார் கையில் இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் என்றால் பாஸ்போர்ட், விசா நகல், உள்ளூர்க்காரர் ஒருவரின் நம்பர் எல்லாம் கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

"ஒரு மாசத்துக்குப் போடுங்க அண்ணாச்சி" என்றேன். "மாசம்லாம் கெடையாது தம்பி, இருபத்தெட்டு நாள்தான்" என்றார். அதாவது வருஷத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். 30 நாள் பிளான் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் சொல்லிவிட்டது, ஆனால் நாமாகக் கேட்டால்தான் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

அன்லிமிடெட் என்று போட்டிருக்கிறதே என்று அப்படியே துபாய்க்கு அடித்தால் போகாது. அந்த அன்லிமிடெட் இந்தியாவுக்குள் மட்டும். வெளிநாட்டுக்குப் பேச மெயின் பேலன்ஸ் தனியாகப் போட வேண்டும், அல்லது ஐஎஸ்டி (வெளிநாட்டு அழைப்பு) பேக் போட்டு நிமிஷக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாமே என்பார்கள். அமீரகத்தில் அந்த கால் எடுபடாது என்பது அங்கே இருக்கிறவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் துபாயில் எங்கள் லேபர் கேம்ப் (தொழிலாளர் குடியிருப்பு) பக்கமெல்லாம் ஊருக்குப் பேச வாங்குகிற, சுரண்டுகிற போன் கார்டு அவ்வளவு காலம் ஓடியது.

அந்தக் கார்டில் கட்டணம் மலிவாகத்தான் அச்சடித்திருக்கும். கார்டில் உள்ள நம்பரை அடித்து, மொழியைத் தேர்ந்தெடுத்து, சுரண்டினால் தெரிகிற ரகசிய நம்பரைப் போட்டு, அப்புறம் 0091 462 என்று ஊர் நம்பர் (0462-இன் முதல் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும்). எதிர்முனையில் எடுத்ததுமே இணைப்புக் கட்டணம் என்று ஒரு தொகை போய்விடுகிற கார்டுகள் உண்டு. ஒரு நிமிஷம் ஐந்து வினாடி பேசினால் இரண்டு நிமிஷம் என்று கழிப்பதும் உண்டு. முதல் கால் போட்ட நாளிலிருந்து காலாவதிக் கணக்கும் ஓட ஆரம்பித்துவிடும். ஆகவே "நல்லா இருக்கியா, சாப்டியா" என்று தினமும் ரெண்டு வார்த்தை பேசுகிறவனுக்குத்தான் நஷ்டம், லீவு நாளில் உட்கார்ந்து மொத்தமாகப் பேசுகிறவனுக்கு லாபம். எங்கள் அம்மா ஆறு மணிக்கே மிஸ்டு கால் கொடுப்பாள், அங்கே நாலரை!

துபாய் திரும்பியதும் ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பேங்க் ஓடிபி அதில்தான் வரும். 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல் கிடந்தால் இணைப்பைத் துண்டிக்கலாம். பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட்டுவைப்பார்கள். வெளிநாட்டிலும் சிம் வேலை செய்வதற்கான ரோமிங்கை மட்டும் ஊரில் இருக்கும்போதே திறந்துவிடுங்கள்.