ஃபார்ம்.டி: நேரா ஆறு வருடமா, பி.ஃபார்ம் முடித்துவிட்டா?

நீட் பக்கம் போகாத, அல்லது போய் எட்டாத வீடுகளில் பிளஸ் டூ முடிந்ததும் அடிபடும் பெயர் ஃபார்ம்.டி., அதாவது 'டாக்டர் ஆஃப் ஃபார்மசி' பட்டம். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாம் என்ற ஆசை பாதிக் காரணம். நோயாளிக்கு மருந்து எழுதித் தரும் உரிமை அந்தப் பட்டத்தில் கிடையாது என்பதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வழி இரண்டு. ஒன்று, 2008-இல் வந்த ஆறு வருடப் படிப்பு: ஐந்து வருடம் பாடம், ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். இன்னொன்று, நான்கு வருட பி.ஃபார்ம் (ஃபார்மசி இளநிலைப் பட்டம்) முடித்து, மூன்று வருட 'போஸ்ட் பேக்கலரேட்' ஃபார்ம்.டி. இரண்டாவதில் ஒரு வருடம் கூடுதல். இருந்தாலும், கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும் குடும்பம் என்றால் என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

காரணம் ஒன்றே. நேரடி ஃபார்ம்.டி, மதுரையில் ஏறினால் சென்னையில்தான் கதவு திறக்கும் எண்ட் டு எண்ட் பஸ். நாலாம் வருடத்தில் அப்பா படுத்துவிட்டார், பணம் நின்றுபோனது என்றால் கையில் மிஞ்சுவது மார்க் ஷீட் மட்டும். பட்டமும் இல்லை, ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்கத் தேவையான பதிவும் இல்லை. பி.ஃபார்ம் நாலாம் வருடத்தில் ஒரு ஸ்டாப். இறங்கிப் பதிவு செய்து, மெடிக்கல் ஷாப்பிலோ மருந்துக் கம்பெனியிலோ இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு மறுபடி ஏறலாம். ஃபார்மசி டிப்ளமோவான டி.ஃபார்ம் முடித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிது: பி.ஃபார்மில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், ஃபார்ம்.டி-யிலோ முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கல்விக் கடனில் இது எப்படி விழும் என்று பாருங்கள். வருடத்துக்கு 1 லட்சம், 10 சதவீதத் தனி வட்டி, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடத்தில் வாங்கிய 6 லட்சம், முதல் தவணை கட்டும்போது 8.7 லட்சம். பி.ஃபார்மோடு இறங்கினால், நாலு வருடத்தில் வாங்கிய 4 லட்சம், 5.4 லட்சம். ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்ந்து கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பேங்க் வீட்டுப் பத்திரம் கேட்கும். பத்திரம் இல்லாத வீட்டுப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது. மதுரை மருத்துவக் கல்லூரியில் உள்ள அரசு பி.ஃபார்முக்குக் கட்டணம் சொற்பம், 69 சதவீத இட ஒதுக்கீடு முழுசாக நடக்கும். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து முதல் தலைமுறைப் பிள்ளைகள் பஸ் பாஸிலேயே வந்து படித்துவிடலாம். ஃபார்ம்.டி-க்கு ஒரு கல்லூரிக்கு 30 இடம்தான். பழங்குடியினருக்கான 1 சதவீதத்தை 30-இல் போட்டுப் பாருங்கள், ஒரு முழு ஆள்கூட வராது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அதுவும் கிடையாது. 'சேர்ந்துட்டு அப்புறம் அப்ளை பண்ணிக்கலாம்' என்று யாராவது சொன்னால், சீட் எந்தக் கோட்டா என்று அலாட்மென்ட் ஆர்டரைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தமிழ் மீடியத்தில் இருந்து வருபவர்களுக்கு இன்னொரு குழி. ஃபார்ம்.டி-யில் செமஸ்டர் இல்லை, வருடத் தேர்வு. அனாடமி, பயோகெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மூன்றும் முதல் வருடத்திலேயே ஆங்கிலத்தில் மொத்தமாக வந்து இறங்கும். இரண்டு பாடத்துக்கு மேல் தேறாவிட்டால் அடுத்த வருடத்துக்கு விடமாட்டார்கள். போவது ஒரு வருடம், கூடவே அந்த வருடத்து ஹாஸ்டல் பணமும்.

நேரடி ஃபார்ம்.டி-க்கு என்று பலம் இல்லாமல் இல்லை. வார்டு அனுபவத்தில் பி.ஃபார்ம் பக்கத்தில்கூட நிற்க முடியாது. இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் பொது மருத்துவம், பிறகு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். அதற்குக் குறைந்தது 300 படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும் என்பது விதி. அது கல்லூரி வளாகத்தில் இருக்கிறதா, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமா என்று நேரில் போய்ப் பாருங்கள். அமெரிக்கா போவது என்று முடிவே செய்துவிட்டவர்களுக்கும் இதுதான் வழி: அங்கே வெளிநாட்டு ஃபார்மசிஸ்டுகளுக்கான தகுதிச் சான்றுக்கு, 2003-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்கள் குறைந்தது ஐந்து வருடப் படிப்பு படித்திருக்க வேண்டும். நாலு வருட பி.ஃபார்ம் மட்டும் போதாது.

பி.ஃபார்ம் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. போஸ்ட் பேக்கலரேட் இடம் கல்லூரிக்கு 10தான். ஆறு வருடப் படிப்பு இருக்கும் கல்லூரிகளிலும் அது இருக்கும் என்று நம்ப வேண்டாம். கிடைக்காவிட்டால் ஜிபேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வில் தேறி, முதுநிலைப் படிப்பான எம்.ஃபார்ம் சேரலாம். மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதம் உதவித்தொகை வரும். டாக்டர் பட்டம் வராது, கடனும் ஏறாது.