ரோந்து வண்டி என்று சொல்லி லாட்ஜ் வண்டிக்கு ஸ்பிரிங் மாட்ட வைத்தார்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் தமிழர்களிடையே ஒருவர் சுற்றி வருகிறார். நீங்கள் மெக்கானிக் என்று தெரிந்தால் போதும், காட்டு விலங்குப் பாதுகாப்புக்குத் தொண்டு செய்ய வாங்க என்று பிடித்துக்கொள்வார். இப்போது ஊரிலிருந்து ஐடிஐ முடித்த பையன்களையும் வரவழைக்கப் பார்க்கிறாராம். அதனால்தான் இந்தப் பதிவு.

எனக்கு அவர் தைப்பூசக் காவடியன்று கோயிலில் அறிமுகம். "அண்ணே, ரோந்து வண்டி நின்னுட்டா ரேஞ்சர் என்ன பண்ணுவான்? அவன் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள கொம்பை அறுத்துட்டுப் போயிடுவானுங்க" என்றார். அது பொய்யில்லை. 2023-இல் தென்னாப்பிரிக்காவில் திருட்டு வேட்டையில் போன 499 காண்டாமிருகங்களில் 325 எங்கள் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில்தான். சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி என்று அவர் கேட்ட பணத்தை ராண்டில் (இந்த நாட்டு நாணயம்) கட்டினேன். லீவு போட்டுவிட்டு டூல் பாக்ஸோடு என்2 நெடுஞ்சாலையில் ஹ்லுஹ்லுவே என்ற ஊர்ப் பக்கம் போனேன்.

போய்ப் பார்த்தால் அது சுற்றுலா லாட்ஜ் நடத்தும் ஒரு தனியார் விலங்குப் பண்ணை. தகரக் கொட்டகையில் நின்றவை எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்காகப் படிக்கட்டு மாதிரி அடுக்கி சீட் போட்ட லேண்ட் குரூஸர் ஜீப்புகள். ரோந்து வண்டி ஒன்றுகூட இல்லை. ஒரு வண்டியின் கண்ணாடியில் லைசென்ஸ் டிஸ்க்கே (வண்டி உரிமத்துக்கான வட்டச் சீட்டு) காலாவதி. காசு வாங்கிக்கொண்டு அதில்தான் ஆள் ஏற்றுகிறார்கள். அலையலையாக மேடுபள்ளம் விழுந்த மண்பாதையில் ஓடி, வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) உடைந்திருந்தது, அதன் மூட்டுகளில் இருக்கும் புஷ் எல்லாம் தேய்ந்து போயிருந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் கைநிறையப் புழுதி. டிரம்மில் வைத்திருந்த டீசலில் தண்ணீர் கலந்திருந்ததால் டீசல் ஃபில்டரையும் மாற்ற வேண்டியதாயிற்று. பார்ட்ஸ் எங்கே என்றால், "நீங்க வாங்கிப் போடுங்க, அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்" என்று மேனேஜரிடமிருந்து பதில். கொட்டகைக்குப் பின்னால் சிங்கக்குட்டிகளைக் கூண்டில் வைத்து, பயணிகள் மடியில் போட்டு போட்டோ எடுக்க விடுகிறார்கள். சிங்கத்தை அடைத்து வளர்க்கும் இந்தத் தொழிலையே மூடச் சொல்லி 2021-இல் அரசு நியமித்த குழு பரிந்துரைத்தது. இவர்கள் போர்டில் இருப்பதோ 'பாதுகாப்பு'!

தொண்டு செய்ய வருபவரிடம் பணம் வாங்குவதே மோசடி என்று சொல்ல மாட்டேன். சோறும் இடமும் கொடுக்கிற நல்ல அமைப்புகளும் வாங்குகின்றன. ஆனால் வண்டி யார் பெயரில் இருக்கிறது, பார்ட்ஸ் செலவு யாருடையது, இந்த இரண்டையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள். சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவான தொண்டு நிறுவனம் என்றால் பதிவு எண் இருக்கும். இந்த ஆளிடம் கேட்டபோது "அதெல்லாம் எதுக்குண்ணே, நம்ம ஆளுங்கதானே" என்றார். தமிழில் பேசினால் எண் தேவையில்லையாம்.

ஊரிலிருந்து வர நினைக்கும் தம்பிகளே, டூரிஸ்ட் விசாவில் வந்தால் போதும் என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் தொண்டு வேலை செய்வதற்கு 2002 குடிவரவுச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. மாட்டினால் மாட்டுவது நீங்கள், அவர் இல்லை.

பணம் இன்னும் திரும்பவில்லை. கட்டணமும் பார்ட்ஸ் செலவும் சேர்த்து 20,000 ராண்டுக்குள்தான் வருகிறது. அதனால் சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். 14 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்பியாயிற்று. இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.