கிரவுன்-பினியன் மாற்றிய பிறகு வந்த ஊளை: 14 மாத அனுபவம்

இலவம்பாடிப் பக்கமிருந்து முள்ளுக் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு ஓடும் பிக்கப் என்னுடையது. பின் அச்சில் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் ஜோடிப் பற்சக்கரங்களில் பெரியது கிரவுன், சின்னது பினியன். போன வருஷம் பினியன் பல் உடைந்தது. இரண்டும் ஜோடியாகவே அரைத்து வருபவை என்பதால் கிரவுன், பினியன் செட்டாகவே மாற்றினேன். வண்டி எடுத்த அன்றே பள்ளிகொண்டா ஹைவேயில் 50-ஐத் தொட்டதும் பின்னாலிருந்து ஊளை கிளம்பியது.

"புது பல்லு, ஓட ஓட செட் ஆயிடும்" என்றார் மாட்டிய மெக்கானிக். நம்பி 1,100 கி.மீ. ஓட்டினேன். அது பெரிய தப்பு. சரியாக உட்காராத பல் ஓட ஓடத் தேயத்தான் செய்யும்.

அப்புறம்தான் காது கொடுத்துக் கேட்டேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் அடங்கிவிடும். வீல் பேரிங் போயிருந்தால் மிதித்தாலும் விட்டாலும் உறுமும், வளைவில் உறுமல் கூடும் அல்லது குறையும். டயர் சத்தம் ரோடு மாறினால் மாறும். திரும்பும்போது மட்டும் கடகடத்தால் உள்ளே ஸ்பைடர் கியரை (வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சின்னப் பற்சக்கரங்கள்) பார்க்க வேண்டும். என் வண்டியில் இதெல்லாம் இல்லை. இழுக்கும்போது மட்டும் கத்துகிறது என்றால் பல் மேல் பல் பதியும் இடத்தில்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும்.

கொணவட்டத்தில் ஒரு பாயிடம் கொண்டுபோனேன். ஆயிலை இறக்கி, இரும்புத் துகளைப் பிடித்துவைக்கும் காந்த போல்ட்டில் ஒட்டியிருந்த கருப்பு மசியை விரலில் தேய்த்துப் பார்த்தார். "மாவா இருந்தா பரவாயில்ல தம்பி, செதிலா வந்தாத்தான் பயம்." பிறகு கிரவுன் பற்களில் மஞ்சள் பெயிண்ட் தடவி, கிரவுனைக் கட்டையால் அழுத்திப் பிடித்தபடி பினியனைச் சுற்றினார். பெயிண்ட் அழிந்த தடம் பல்லின் நடுவில் விழாமல் அடியோரம் ஒட்டிக் கிடந்தது, நகக்கண் அகலத்துக்கு. பினியன் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது. பினியன் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்யும் வளையத் தகடுதான் ஷிம்; பழைய செட்டின் ஷிம்மையே புதுசுக்கும் போட்டிருந்தார்கள்.

கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்காதா என்று கேட்டேன். "சத்தம் அடங்கும், பல்லு அடங்காது" என்றார். மெல்லிய ஷிம் போட்டு, டயல் கேஜ் வைத்து பேக்லாஷை (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விடும் இடைவெளி) 0.18 மி.மீ.க்குக் கொண்டுவந்தார். தடம் நடுவில் விழ மூன்று முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அந்தப் பொறுமைக்குத்தான் கூலி, சந்தோஷமாகக் கொடுத்தேன்.

முதல் 800 கி.மீ. பாதி லோடுதான் ஏற்றினேன், அதோடு ஆயிலையும் மாற்றினேன். இப்போது 14 மாதம், 23,000 கி.மீ. ஆகிவிட்டது. லோடு ஏற்றினால் சத்தமே இல்லை. காலி வண்டியில் 65-ஐத் தாண்டும்போது மட்டும் மெல்லிய ரீங்காரம் வருகிறது. அந்த 1,100 கி.மீ.யில் தேய்ந்த தேய்மானம் அது, இனி போகாது. போன மாதம் ஆயில் மாற்றும்போது காந்த போல்ட்டைத் துடைத்துப் பார்த்தேன். மாவு மட்டும்தான்.